எஸ்டிமேட்டில் சாரம் எங்கே?

கீழும் மேலுமாக ஒரு வீடு கட்டப் போகிறவரிடம் எஸ்டிமேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன், எம்-சாண்ட் எத்தனை யூனிட், செங்கல் எத்தனை லோடு என்று வரிசையாக இருக்கும். வாசக்காலுக்கு என்ன மரம், குளியலறைக்கு எந்தக் கம்பெனிக் குழாய் என்பது வரை எழுதியிருக்கும். அந்தக் குழாய்க்காக மனிதர் நாலு கடை ஏறி இறங்கியிருப்பார். ஆனால் வெளிப்பூச்சு பூசுகிறவரும் பெயின்ட் அடிக்கிறவரும் எதன் மேல் நின்று வேலை செய்யப் போகிறார்கள் என்பது அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது. ‘லேபர்’ என்ற ஒற்றை வரிக்குள், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்ற பேச்சுக்குள் அது காணாமல் போயிருக்கும்.

சவுக்குக் கம்பு வாடகை, பலகை, கயிறு, கட்டுவதற்கு ஆள் கூலி, பிரிப்பதற்கு ஆள் கூலி எல்லாமே மேஸ்திரியின் பையிலிருந்து போகிற செலவு. பேசிய ரேட் மாறாது. எனவே கம்பு ஒன்று குறைந்தால் அவருக்கு லாபம், பலகை இரண்டு குறைந்தால் இன்னும் லாபம். இதற்காக மேஸ்திரியைக் கெட்டவர் ஆக்கிவிட முடியாது. பெரும்பாலும் அவரே அந்தப் பலகையில் நின்று தொழில் பழகிய கொத்தனார்தான். ரேட்டை அடித்துப் பேசியது நாம். கட்டட வேலையில் உயரத்திலிருந்து விழுகிறவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால், இந்தப் பேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கட்டட விபத்து என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் அமைந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தோம். ஒரே இடத்தில் அத்தனை பேர் இறந்ததால் அது நாட்டுக்கே செய்தி. இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர், லிஃப்ட் குழிக்குள் ஒருவர் என்று ஊருக்கு ஊர் தனித்தனியாக நடந்தால் உள்ளூர்ப் பதிப்பில் ஆறு வரி.

உலகம் முழுக்கக் கட்டுமானத் தொழிலில் ஆளைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் விழுவதற்குத்தான். அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளர் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதனால் நேர்கிறது. பிரிட்டனிலும் வருடம் தவறாமல் பட்டியலின் தலையில் இதுவே நிற்கிறது. இந்தியாவில் எத்தனை என்று கேட்டால் அந்தக் கணக்கைத் தனியாக எடுக்கவே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையில் ‘விழுதல்’ என்று ஒரு தலைப்பு உண்டு. உயரத்திலிருந்து விழுந்தவர்கள், குழியில் விழுந்தவர்கள் என்று உள்பிரிவும் உண்டு. தென்னை மரம் ஏறியவர், மொட்டைமாடியில் பட்டம் விட்ட பையன், சாரத்தில் நின்ற கொத்தனார் மூவரும் அதில் ஒரே எண்ணுக்குள் அடக்கம். தொழிற்சாலை விபத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. கட்டட வேலைக்கு இல்லை.

பத்தடி போதும்

இருபது மாடி உயரத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் ஆபத்து என்று நினைப்பது இயல்பு. அங்கே ஆபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் வலை கட்டுகிறார்கள், பெல்ட் போடச் சொல்கிறார்கள், கேள்வி கேட்க ஒரு சேஃப்டி அதிகாரி இருக்கிறார். பத்தடி உயரத்தில் ஒருவரும் கேட்பதில்லை. “இந்த உயரத்துக்கு என்ன சார் ஆயிடப் போகுது?” என்பார்கள். பத்தடியிலிருந்து விழுகிற உடல் முக்கால் நொடி சொச்சத்தில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். இருபதடி என்றால் 39 கிலோமீட்டர். ஓடுகிற பைக்கிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் நேராகச் சுவரில் மோதுவதற்கு ஒப்பு அது. இதில் சறுக்கிப் போய் வேகம் தணிய இடமும் கிடையாது.

நம் ஊர்ச் சாரத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சவுக்குக் கம்புகளைச் செங்குத்தாக நட்டு, கயிற்றால் குறுக்குக் கம்பு கட்டி, அதன் ஒரு முனையைச் சுவரில் விட்ட ஓட்டைக்குள் செருகி, மேலே பலகை பரப்புவார்கள். கைதேர்ந்தவர் கட்டினால் நன்றாகவே நிற்கும். சவுக்கின் மேல் பழி போட ஒன்றுமில்லை, இரும்புக் குழாய்ச் சாரத்திலிருந்தும் ஆட்கள் விழத்தான் செய்கிறார்கள். கோளாறு பலகையில் இருக்கிறது. ஒருவர் நிற்கவும், பக்கத்தில் சாந்துச் சட்டி வைக்கவும், இன்னொருவர் தாண்டிப் போகவும் மூன்று பலகை அகலமாவது வேண்டும். கிடைப்பது ஒன்று, தாராள மனசுக்காரர் என்றால் இரண்டு. அந்தப் பலகையையும் கம்போடு சேர்த்துக் கட்டியிருக்க மாட்டார்கள், மதியத்துக்கு மேல் அதையே கழற்றி அடுத்த தட்டில் போட வேண்டும். கம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒருவர் கால் வைத்தால் மறுமுனை விருட்டென்று எழும்பிவிடும்.

கொத்தனார் சுவரைப் பார்த்து வேலை செய்கிறவர். மணியாஸ் கட்டையைத் தேய்த்தபடியே பக்கவாட்டில் நகர்வார். கால் போகும் இடத்தைப் பார்க்கக் கண் ஒழியாது. பூச்சு மட்டமாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எட்டுப் பின்னால் வைப்பது, தரையில் நின்று பழகிய கையோடு வந்த பழக்கம். சாரத்தில் அந்த ஓர் எட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு கம்பு, முழங்கால் உயரத்தில் ஒரு கம்பு, ஆக இரண்டே கம்பு நீளவாக்கில் கட்டியிருந்தால் அவர் முதுகு அதில் இடித்திருக்கும், வேலையைத் தொடர்ந்திருப்பார். அந்த இரண்டு கம்பின் வாடகை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். சாரம் வெளிப்பக்கம் சாயாமல் இருக்கச் சுவரோடு அங்கங்கே பிணைத்திருப்பார்கள். பூச்சு அந்த இடத்துக்கு வரும்போது கட்டு இடைஞ்சல் என்று அவிழ்ப்பார்கள். திரும்பக் கட்டுவது யார் வேலை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் எப்போது முற்றுகிறது தெரியுமா? முகூர்த்தம் குறித்த பிறகு. தை மாதத்தில் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை அடித்துவிட்டால், மார்கழிப் பனியில் நனைந்த பலகையில் விடிந்தும் விடியாமலும் ஆள் ஏறுகிறார். ஆடிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றால் வைகாசியில் இருட்டும் வரை பெயின்ட் ஓடுகிறது. ஆள் பற்றாததால் வேறு சைட்டில் பகல் முழுக்க உழைத்தவரை ‘ஒன்றரை ஷிஃப்ட்’ பேசிக் கூட்டிவருகிறார்கள். அந்த வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் “ராசி இல்லாத மனை” என்று பேச்சு கிளம்புகிறதே தவிர, தேதியைக் குறை சொன்னவரை நான் கேட்டதில்லை.

ஓட்டைகள் தனிக் கதை. லிஃப்ட் குழி, படிக்கட்டுக்காக விட்ட திறப்பு, காற்றுக்காக விட்ட டக்ட் எல்லாவற்றையும் பிளைவுட் துண்டு போட்டு மூடுவார்கள். செண்ட்ரிங் போடுகிறவருக்கு அவசரமாக ஒரு துண்டு தேவைப்படும், எடுத்துப் போவார். அரைமணி கழித்துக் கம்பி சுமந்து வருகிறவருக்கு அது தெரியாது. சில நேரம் பிளைவுட் அங்கேயே கிடக்கும், ஆனால் ஆணி அடிக்காமல் சும்மா வைத்திருப்பார்கள். கீழே குழி இருப்பது தெரியாமல் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைப்பார். பிளைவுட்டும் அவர் கையில் இருக்கும், குழியும் காலடியில் இருக்கும். நாலு ஆணியும், ‘கீழே குழி’ என்று பெயின்ட்டில் ஒரு வரியும் போதும். வேலை ஆட்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்றால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியாவது போடலாம்.

ஏணிக்கு உலகம் முழுக்க ஒரு விதி உண்டு: இரண்டு கால், இரண்டு கை, இந்த நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். தலையில் சாந்துச் சட்டியோடு மூங்கில் ஏணி ஏறும் சித்தாள் பெண்ணுக்கு ஒரு கை சட்டியைப் பிடிக்கப் போய்விடுகிறது. ஒரு கால் அடுத்த படிக்கு எழும்பும் நேரத்தில் மிஞ்சுவது ஒரு கையும் ஒரு காலும்தான். சேலைத் தலைப்பைச் செருகி, மேலே பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க இப்படி ஏறி இறங்குகிறார். கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. ஒரு கப்பியும் கயிறும் இருந்தால் இந்தச் சுமையில் பாதி தானாக மேலே போகும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். பழைய ஓடுமில், குடோன், ரைஸ்மில் கூரையில் ஓட்டை அடைக்கப் போகிறவர் ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் அது தாங்காது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பொரிந்துபோன ஷீட் பார்வைக்குத் திடமாகத்தான் தெரியும். ஆணி வரிசைக்கு நேர் கீழே ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டம் ஓடுகிறது, அதன் மேல் குறுக்காகப் பலகை போட்டு அந்தப் பலகையில்தான் நடக்க வேண்டும்.

பெல்ட் போட்டால் போதுமா?

போதாது என்பதோடு, வீட்டு உயரத்தில் சில சமயம் அது உதவவே உதவாது. சைட்டில் கொடுக்கும் பெல்ட்டின் கயிறு கிட்டத்தட்ட ஆறடி. விழுகிறவர் முதலில் அந்தக் கயிறு முடியும் வரை விழுவார். பிறகு அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி இன்னும் மூன்று நாலு அடி இழுபடும். கொக்கிக்குக் கீழே அவருடைய உடம்பு உயரம் வேறு. பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடைவெளியும் சேர்த்து எல்லாம் கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே பதினேழு பதினெட்டு அடி வெற்றிடம் வேண்டும். முதல் மாடி உயரத்தில் அவ்வளவு இடம் ஏது? கயிறு விறைக்கும் முன்பே தரை வந்துவிடும். அங்கே வேண்டியது கைப்பிடிக் கம்பு.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் இன்னும் மோசம். விழுந்த வேகம் அத்தனையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். விழுபவரைத் தடுத்து நிறுத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதலே விதி இருக்கிறது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு ஹார்னஸ்தான் சரி. அதிலும் கொக்கியை எதில் மாட்டுவது என்ற கேள்வி நிற்கிறது. ஹார்னஸ் போட்டு, கொக்கியைத் தன் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களை எந்தச் சைட்டிலும் பார்க்கலாம். சிரிக்க வேண்டாம், மாட்டுவதற்கு அங்கே கம்பி கட்டியிருக்க மாட்டார்கள். ஹார்னஸில் தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்காவிட்டால் காலில் ரத்தம் தேங்கி அதுவே உயிருக்கு ஆபத்தாகும். எப்படி இறக்குவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்த சைட் அபூர்வம்.

விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டாத பாதுகாப்புதான் வேலை செய்யும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டியபோது, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியில் வலை கட்ட வைத்தார். செலவு 1,30,000 டாலருக்கு மேல், அதுவும் 1930களில். அந்த வலை 19 பேரைப் பிடித்தது. 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் முறிந்து வலையையே கிழித்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் இறந்தார்கள் என்பதும் அதே பாலத்தின் கதைதான். அவ்வளவு எடை விழும் என்று நினைத்து அந்த வலையைக் கட்டவில்லை.

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே பாதுகாப்பு வகுப்பில் தேறாமல் சைட்டுக்குள் கால் வைக்க முடியாது. 2013-ல் வந்த விதிப்படி மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு எழுத்துமூலம் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே சீட்டு இல்லாமல் ஏற மாட்டேன் என்று நிற்கிற அதே மனிதர், லீவில் ஊருக்கு வந்து தன் சொந்த வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசும்போது, ஒற்றைப் பலகையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நமக்குப் பாதுகாப்புப் புத்தி கிடையாது, கலாச்சாரமே அப்படி என்றெல்லாம் பேசுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கலாச்சாரம் விமானத்தில் நாலு மணி நேரத்துக்குள் மாறிவிடுமா? அங்கே நிறுத்தி வைக்க ஆள் இருக்கிறது, வேலை நின்றால் கம்பெனிக்கு நஷ்டம். இங்கே இரண்டும் இல்லை.

விழுந்த பிறகு

காலூன்றி விழுகிறவருக்கு முதலில் நொறுங்குவது குதிகால் எலும்பு. அடி அங்கேயே நிற்காது. கால் வழியாக ஏறி, மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடத்தில் போய் இறங்கும். குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த இடத்தில் தண்டுவடம் நசுங்கினால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போகும், சிறுநீர், மலக் கட்டுப்பாடு போகும்.

இதில் ஒரு பகுதி விழுந்தபோது நடப்பதில்லை, தூக்கும்போது நடக்கிறது. விழுந்தவரை இருவர் தோளிலும் காலிலுமாகப் பிடித்து, முதுகு தொட்டில் மாதிரி வளைய, ஆட்டோவிலோ குட்டியானையிலோ போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பதற்றம்தான், அன்பில் குறையில்லை. ஆனால் உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அறுப்பது அந்த வளைவில்தான். மூச்சு இருந்து, மேலே எதுவும் இடிந்து விழும் அபாயம் இல்லையென்றால், கிடந்த நிலையிலேயே விட்டுவிட்டுத் தலையை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். 108-க்குச் சொல்ல வேண்டும். வண்டி வரவே வராது என்ற நிலையில், சாரத்துப் பலகையையே ஸ்ட்ரெச்சராக்கி நாலு பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே சீராக அதில் ஏற்ற வேண்டும்.

தண்டுவடம் அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சையோடு மருத்துவம் முடிந்துவிடாது. படுக்கைப் புண் வராமல் உடம்பைத் திருப்பிப் போடுவதிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது வரை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையத்தை 1966-ல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். இப்படி இடங்கள் இருப்பதை, கட்டிலில் கிடக்கும் கொத்தனாரின் வீட்டுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

கட்டுமானத் தொழிலாளருக்கென்று 1996-ல் மத்தியச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1994-ல், தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் ஆர். கீதா போன்றவர்களும் நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கமும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றதன் பலன் அது. அந்த 1996 சட்டம் பத்துத் தொழிலாளருக்குக் குறைந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. பத்து லட்ச ரூபாய்க்குள் தனக்கென வீடு கட்டிக்கொள்பவரையும் விட்டுவிட்டது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்து லட்சத்தை ஐம்பது லட்சமாக்கியிருக்கிறது. நம் ஊர்களில் கட்டப்படும் தனிவீடுகளில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினோம் என்று விளக்கம் சொல்லலாம். பத்தடி உயரம் விலைவாசியோடு ஏறவில்லை.

திட்ட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல நிதிக்குக் கட்டுகிறோம். அந்தப் பணம் உதவித்தொகையாக, ஓய்வூதியமாக, இறந்தவர் குடும்பத்துக்கு நிதியாகப் போகிறது, தேவையானதுதான். ஆனால் விழுந்த பிறகு கொடுக்க ஒரு சதவீதம் ஒதுக்கியிருக்கிற நாம், விழாமலிருக்க ஒரு பைசா ஒதுக்கச் சொல்லவில்லை. வரைபடத்தோடு சாரத்துக்கான தொகையும் தனியாகக் காட்டினால்தான் அனுமதி என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பிணவறை வாசலில் நடக்கும் பேரத்துக்கு வருவோம். “கேஸ் கீஸுன்னு அலையாதீங்கம்மா, கையோட இவ்வளவு வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்று யாராவது பெரிய மனிதர் வந்து நிற்பார். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி, மரணத்துக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது இழப்பீடாகவே கருதப்படாது, உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். கணக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. இறந்தவருக்கு 30 வயது, கணக்கிடும் மாதச் சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்றால் பாதிச் சம்பளத்தை 207.98-ஆல் பெருக்க வேண்டும், 15,59,850 ரூபாய் வரும். நிரந்தரமாக முழுதும் முடங்கிவிட்டால் பாதிக்குப் பதில் அறுபது சதவீதம், 18,71,820 ரூபாய். பிணவறை வாசலில் இந்தத் தொகையை யாரும் வாயால்கூடச் சொல்லமாட்டார்கள்.

“குடிச்சிருந்தான், பெல்ட் போடல” என்பது அடுத்த வாதம். காயத்தோடு தப்பித்தவர் விஷயத்தில் அதற்கு ஓரளவு இடம் உண்டு. மரணத்திலும் நிரந்தர முழு முடக்கத்திலும் அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. இறந்தவர் ஒடிசாக்காரர், மனைவி அங்கே இருக்கிறார் என்றால், சென்னைக்கு வந்து அலைய வேண்டிய அவசியமும் இல்லை, அவர் வசிக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் யார் கொடுப்பது? தொழிலாகவோ வியாபாரமாகவோ கட்டுகிறவர் வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டாலும் பொறுப்பு அவரைச் சேரும். தனக்கென்று வீடு கட்டுகிறவர் அந்த வார்த்தைகளுக்குள் எளிதில் சிக்கமாட்டார். மிச்சம் இருப்பவர் மேஸ்திரி. பதினைந்து லட்சத்துக்கு அவர் எங்கே போவார்? சொந்த வீட்டை விற்றாலும் கட்டாது. தலைமறைவாவார், அல்லது வழக்கில் தோற்று, தராமலே காலத்தை ஓட்டுவார். இதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு என்று ஒன்றைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. காண்ட்ராக்டர் பெயரில், கொடுக்கும் கூலித் தொகையை வைத்து, வேலை நடக்கும் காலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வீடு கட்டுகிறவர் முதல் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பாலிசியின் நகலைக் கேட்கலாம். கேட்டால், மேஸ்திரி சதுர அடிக்கு ஐந்து பத்து கூட்டிச் சொல்வார், சாரத்துக்கும் கைப்பிடிக்கும் தனியாக இன்னொரு தொகை கேட்பார். கேட்கட்டும்.